எச்சில் படாத இலை

தாதர் ஸ்டேஷனில் என்னைத் தள்ளினவன் யார் என்று எனக்குத் தெரியாது. நான் ரயிலில் ஏறக் காலைத் தூக்கவே இல்லை. பின்னால் வந்த கூட்டம் என்னையும் என் பையையும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்துவிட்டது. "சயான்ல இறங்குண்ணே, ரெண்டாவது ஸ்டேஷன்" என்று தங்கச்சி லூர்து போனில் சொல்லியிருந்தாள். முதல் ஸ்டேஷன் வந்தது, வண்டி நிற்கவில்லை. சயான் என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகையும் வந்தது, அதுவும் போய்விட்டது. பக்கத்தில் நின்றவன் என் முகத்தைப் பார்த்து, "ஃபாஸ்ட் ஹை சாச்சா" என்றான். வேகமாகப் போகிறது என்று பெருமைப்படுகிறான் போலும் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். இது எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத வண்டி என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்து வண்டி நின்ற இடங்களிலும் இறங்க வழி கிடைக்கவில்லை. கடைசியில் முலுண்டில்தான் என் கால் தரையில் பட்டது.

பையைத் திறந்து பார்த்தால், மாப்பிள்ளை வீட்டுக்கென்று தூத்துக்குடியில் வாங்கிய மக்ரூன் டப்பா நசுங்கி உள்ளே எல்லாம் மாவாகக் கிடந்தது. எங்கள் ஊர் மினி பஸ்ஸில், இறங்கினவர் முந்தானையைச் சரிசெய்து முடிக்கும்வரை டிரைவர் காத்திருப்பார். இந்த ஊரில் மனிதனை மூட்டையாகக்கூட மதிக்கவில்லையே என்று எரிச்சலோடு பிளாட்பாரத்தில் நின்றேன். ஆபீஸ் போகிற ஒரு தமிழ்க்காரர், "சார், ஸ்லோன்னு பாத்து ஏறுங்க. பதற்றப்படாதேங்கோ, இங்க எல்லாருக்கும் முதல் நாள் இப்படித்தான்" என்று சொல்லி என்னைத் திரும்பிப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டார். அவருக்கு நன்றி சொன்னேன். அதோடு என் நல்ல குணம் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்த நாட்கள் முழுவதும் எனக்குக் கோபம்தான்.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். லூர்து என் ஒரே தங்கச்சி. கல்யாணமாகித் தாராவிக்குப் போனவள். அவள் வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வேலை பார்த்து, இருமி இருமி, நான்கு வருஷத்துக்கு முன் கண்ணை மூடினார். ஒரே மகள் ஸ்டெல்லா. படித்து ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். செம்பூரில் இருக்கிற ஆல்வின் என்ற பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவர்களும் எங்கள் ஊர்தான், எங்கள் கோயில்தான். ஸ்டெல்லாவுக்கு அப்பன் இல்லை. தாய்மாமன் நான் நின்றுதான் தட்டு மாற்ற வேண்டும்.

நாளும் நல்ல நாள். கிறிஸ்து ராஜா திருவிழா. தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்து, ஊரில் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் திருவிழாவை நடத்துகிறார்கள். காலையில் பூசை, அதில் ஸ்டெல்லாவுக்கு முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை எதுவும் இல்லையென்றால்தான் எங்களில் கல்யாணம். மத்தியானம் எல்லோருக்கும் பொதுப் பந்தியாக அசனச் சாப்பாடு. சாயங்காலம் ராஜாவின் சுரூபத்துக்கு முடி சூட்டுகிற பவனி. அது முடிந்ததும் சங்கத்து மண்டபத்திலேயே மோதிரம் மாற்றுவது என்று ஏற்பாடு. அந்த முடியைப் பட்டு மெத்தையில் வைத்துத் தூக்கி வருகிற பாக்கியம் இந்த வருஷம் ஆல்வினின் அப்பா பாக்கியநாதனுக்கு.

முடி தூக்குவதைப் பற்றி எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. தேரிக்காட்டுப் பக்கம் வேறு எந்த ஊரிலும் நான் இதைப் பார்த்ததில்லை. அசனத்தில் கடைசிப் பந்தி, பிச்சைக்காரர்களும் வழிப்போக்கர்களும் உட்காருகிற பந்தி. அந்தப் பந்தியில் சாப்பிட்ட எல்லோருடைய எச்சில் இலையையும் முடி தூக்குகிறவர் தன் கையால் எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கும்வரை அவருக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. இலை எடுத்த கைதான் முடியைத் தொடலாம். ஏன் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. நம் ராஜா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மீன்காரர்களின் காலடியில் குனிந்தவர். ஊர்வலம் போக அவருக்குச் சொந்தமாக ஒரு கழுதைகூட இல்லை, இரவல் வாங்கினார். அவர் ஏறின சிம்மாசனத்தில் ஆணி இருந்தது. எட்டாம் வகுப்புவரை படித்த எனக்கே இது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் லூர்து என்னை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போனாள். அசனத்துக்கு இலை சொல்லிவைக்கிற பொறுப்பைச் சங்கம் அவளிடம் கொடுத்திருந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டில் நின்றால் பம்பாயில் நிற்கிற மாதிரியே இல்லை. பிச்சிப்பூ, முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, அப்பளக்கட்டு என்று எல்லாம் இருக்கிறது. ஒரு மாமி பூக்காரியிடம் பாதி மராட்டியிலும் பாதி தமிழிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "நேத்திக்கு முழம் நீட்டமா இருந்ததே, ராத்திரியோட உன் கை சுருங்கிடுத்தா?" என்றாள். பூக்காரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரித்தாள். எனக்குக்கூட சிரிப்பு வந்தது.

வாழை இலை சாக்கில் சுற்றி, ஈரம் போட்டு, தொட்டில் பிள்ளை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தது. ஊரில் என் தோட்டத்தில் காற்றில் கிழிந்து தொங்குகிற இலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே அதற்குக் காவல் ஆள் இருக்கிறான்.

இலையைச் சொல்லிவிட்டு ஒரு ஓட்டலில் தோசை தின்றுகொண்டிருந்தோம். வாசலில் போன ஒரு தடித்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏ இலைக்காரம்மா! திங்கக்கிழமை ஹால்ல ரெண்டு கல்யாணம். அந்த மராட்டிக்காரியையும் கூட்டிட்டு வந்துரு. எச்சில் தொட்டி நிறைஞ்சு வழியுது, போன வாரம் மாதிரி லேட்டாக்காத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் லூர்துவைப் பார்த்தேன். அவள் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டரிங்ல இருக்கேன்னு சொன்னியே?"

"இது என்னண்ணே? கேட்டரிங்தான."

"கல்யாண மண்டபத்துல எச்சில் இலை எடுக்கதுக்கு இங்க அதான் பேரா?"

"எடுக்கேன். அண்டாவும் கழுவுதேன். அவரு போன மறுவாரத்துல இருந்து எடுக்கேன். அதுலதான் உன் மருமக படிச்சா. தோசைய ஆற விடாத."

எனக்குத் தோசை இறங்கவில்லை. ஊர் முழுக்க, என் தங்கச்சி பம்பாயில் கேட்டரிங் நடத்துகிறாள் என்று சொல்லிவைத்திருந்தேன். நடத்துகிறாள் என்ற சொல்லை நானாகச் சேர்த்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், தண்ணீர் கிளாஸைக் கழுவாமல் வைத்ததற்காகச் சர்வரிடம் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை செம்பூர். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க நான் மட்டும் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கண்டக்டர் "ஆகே சலோ, ஆகே சலோ" என்று முன்னால் விரட்டி விரட்டி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு மைல் தாண்டி இறங்கி, வேர்க்க வேர்க்க மூன்றாவது மாடி ஏறினேன். பாக்கியநாதன் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் ராஜாவின் படம், அதற்குக் கீழே சிவப்பு விளக்கு. பக்திக்குக் குறைவில்லை.

சாப்பாடு பிரமாதம். வாவல் மீன் குழம்பு, கறி கட்லெட், அதோடு சேர்த்துத் தின்ன நம் ஊரில் ரொட்டி என்று சொல்கிற பாவ். ரொட்டியை மீன் குழம்பில் தோய்த்துத் தின்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். பாக்கியநாதனின் மனைவி பிலோமினா அம்மாள் பரிமாறினார். ஒரு வார்த்தை பேசவில்லை, உட்காரவும் இல்லை. நாங்கள் எழுந்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பையன் ஆல்வின் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அப்பா பேசும்போது போனைப் பார்க்கிறான், அப்பா நிறுத்தினால் தலையாட்டுகிறான்.

பல் குத்திக்கொண்டே பாக்கியநாதன் விஷயத்துக்கு வந்தார். "சூசை அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. நாளைக்கு அசனத்துல இலை எடுக்கக் காண்ட்ராக்ட்ல ஆள் விட்டிருக்கு. அந்த ஆளுகள்ல உங்க தங்கச்சியும் ஒண்ணுன்னு கேள்விப்பட்டேன்."

"அப்படியா?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"என் கூட வேலை பாத்தவங்க, எங்க பில்டிங்காரங்க எல்லாரும் வாராங்க. முதல் பந்தில அவங்களுக்கு எதிர்ல என் சம்பந்தியம்மா எச்சில் கூடையோட நின்னா நல்லாவா இருக்கு? நாளைக்கு ஒரு நாள் பட்டுச்சேலை கட்டிட்டு வந்து உக்காரட்டும். அவ்வளவுதான் நான் கேக்கது."

"இலை எடுக்கது முடி தூக்குறவர் வேலையில்லா சம்பந்தி?"

"அது ஊர்ல. இங்க அதெல்லாம் அடையாளத்துக்குச் செஞ்சாப் போதும். எனக்கு இடுப்பும் சரியில்ல."

நான் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஸ்டெல்லாவின் முகம் கண்ணில் நின்றது. அந்தப் பிள்ளை ரெண்டு நாளாக மோதிரத்துக்கு விரல் அளவு பார்ப்பதும் சேலைக்கு ஊக்கு தேடுவதுமாக இருந்தாள். "அவ எடுக்க மாட்டா, நான் சொல்லிக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன். ஆனாலும் வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

தாராவியில் லூர்துவின் வீடு என்பது ஏணி ஏறிப் போகிற ஒரு ஒற்றை அறை. மூலையில் ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் வைத்த இடத்தை மோரி என்கிறார்கள். குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதிலேதான். அன்று சாயங்காலம் அந்த அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் போட்ட சண்டை கீழே தையல் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். மெஷின்கள் நின்றுவிட்டன.

"நான் வாக்குக் கொடுத்துட்டு வந்துருக்கேன்" என்றேன்.

"யாரக் கேட்டுக் கொடுத்த?" என்றாள் லூர்து. "என் கூட சகுந்தலாவும் ஷபானாவும் வாராங்க. அவங்க நம்ம கோயிலும் இல்ல, நம்ம சாதி சனமும் இல்ல. நான் கூப்பிட்டதுக்காக வாராங்க. நான் பட்டுச்சேலையில உக்காந்துட்டு, சோறு தின்னுட்டு, என் இலையை எடுன்னு அவங்ககிட்டச் சொல்லவா?"

"அம்மா, ஏக் தின்" என்றாள் ஸ்டெல்லா. "ஒரே ஒரு நாள்மா. சண்டேக்கு அப்புறம் நீ எந்த ஹாலுக்கு வேணா போ. நான் கேக்கவே மாட்டேன்."

"நீ கேக்க மாட்ட. அவங்க கேப்பாங்கல்லா?"

"ஆல்வின் அப்டி இல்ல."

"அந்தப் பையன் எப்டின்னு யாருக்குட்டி தெரியும்? அவன் அப்பா வாயை மூடினாத்தான அவன் வாய் தெரியும்."

ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஹிந்தியில் ஏதோ சொன்னாள். லூர்து ஹிந்தியிலேயே பதில் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் லூர்து என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள். "மத்த நாள் கூலிக்கு எடுக்கேன்ணே. நாளைக்கு நம்ம ராஜா வீட்டு அசனம். அங்க எடுக்க வெக்கப்பட்டேன்னா, மத்த நாள் நான் செஞ்சதெல்லாம் அசிங்கம்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

பிடிவாதக்காரி, மகள் வாழ்க்கையில் மண்ணைப் போடுகிறாள் என்று அப்போது அவள் மேலேயே ஆத்திரம். ஜெபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பிப்பேன், பாக்கியநாதன் பல் குத்துவது கண்ணில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் தெரியப்படுத்தலாம் என்று சாமியார் சொன்னபோது நான் பாக்கியநாதனைப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாமியார் அடுத்த பூசைக்கு வேறு இடம் போக வேண்டும் என்று ஆசீர்வாதம் கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார்.

அசனப் பந்தல் சங்கத்துச் சந்து முழுவதையும் அடைத்திருந்தது. மேடையில் ஒரு நாற்காலி. கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விடுவார்களே, கைப்பிடியில் சிங்கத் தலை வைத்தது, சிவப்பு வெல்வெட் போட்டது. அதில் பாக்கியநாதன், ரோஜா மாலையோடு. எனக்குப் பூசை நன்மையெல்லாம் கரைந்துபோனது. அவருக்குப் பின்னால் ஒரு மேசையில் நம் ராஜாவின் சுரூபம். அவர் நின்றுகொண்டிருக்கிறார், இவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சந்தில் இருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் அது கண்ணை உறுத்தவில்லையா?

முதல் பந்தியில் ஃபோர்மேனின் சிநேகிதர்கள், பில்டிங்காரர்கள், ஸ்டெல்லா, ஆல்வின், பிலோமினா அம்மாள். எனக்கும் அங்கே இலை போட்டார்கள். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கத்தரிக்காயும். அசனச் சோற்றுக்கென்று ஒரு மணம் உண்டு, அது அங்கேயும் அப்படியே இருந்தது. அப்போதுதான் லூர்து வந்தாள். பழைய கைத்தறிச் சேலை, இடுப்பில் ஒரு துண்டு, கையில் பிளாஸ்டிக் கூடை. சகுந்தலாவும் ஷபானாவும் எதிர் வரிசையில். வந்து, ஒவ்வொரு இலையாக மடித்து, எடுத்து, கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்டெல்லாவின் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். ஸ்டெல்லா அம்மாவின் கையைத் தள்ளிவிட்டாள். தன் இலையைத் தானே மடித்து, பட்டுச்சேலையில் குழம்பு சொட்டச் சொட்ட எடுத்துப்போய்க் கூடையில் போட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டாள். பக்கத்தில் ஆல்வின் எழுந்தான், மேடையைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். அவன் இலையை லூர்து எடுத்தாள்.

நான் என் இலையை விட்டு எழுந்து கை கழுவப் போனேன். பாக்கியநாதன் முகம் மாலைக்குள் கறுத்துப்போனது தூரத்திலேயே தெரிந்தது.

கடைசிப் பந்தியில் கோயில் வாசலில் இருக்கிறவர்கள், குப்பை பொறுக்குகிறவர்கள், பக்கத்துப் பட்டறை வேலையாட்கள் என்று உட்கார்ந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்த நேரத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணாச்சி, இப்ப எடுத்திரலாம், ஊர் குரூப்புல கேட்டுட்டே இருக்காங்க" என்றார். பாக்கியநாதன் மேடையை விட்டு இறங்கி வந்தார். இடுப்பில் புதுத் துண்டு, கடையில் போட்ட மடிப்பு கலையாதது. ஓரத்தில் ஒரு வயசாளி. அவர் எச்சில் இலையை ஷபானா ஏற்கெனவே எடுத்துவிட்டாள். அவர் முன்னால் ஒரு புது இலையைப் போட்டார்கள்.

அந்த மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? இன்னொரு தடவை சோறு வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். தம்ளரில் இருந்த தண்ணீரை எடுத்து இலையில் தெளித்து, உள்ளங்கையால் துடைத்து, காத்துக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் குனிந்து, போனைப் பார்த்துப் புன்னகை செய்து, அந்த இலையை ரெண்டு விரலால் தூக்கிக்கொண்டார்.

"பாத் நஹி டாலா, சேட்" என்றார் வயசாளி. சோறு வைக்கவில்லையே முதலாளி என்று அர்த்தம். அது எனக்கே புரிந்தது.

"சம்பந்தி, அதுல எச்சில் எங்க?" என்று கத்தினேன். "அந்த மனுசன் சோத்துக்குக் கை நீட்டிட்டு இருக்காரு. அவரு இலையைப் பிடுங்கிப் படம் புடிக்கிய. இந்தக் கையாலதான் சாயங்காலம் முடியைத் தொடப் போறியளா?"

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி, ரெக்கார்ட் ஆகுது" என்றார் போன்காரர்.

"ஆகட்டும். ஊருக்கு அதையும் அனுப்பு."

பாக்கியநாதன் என் பக்கத்தில் வந்து, மாலை வாசனை அடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "நேத்து என் வீட்டுல சோறு தின்னுட்டு என்ன சொன்னிய? அவ எடுக்க மாட்டான்னு சொன்னிய. இன்னைக்கு என் ஆளுக அத்தனை பேரு முன்னாலயும் அந்தப் பொம்பள கூடையோட வந்து நிக்கா. மருமகளா வரப்போறவ இலையைத் தூக்கிட்டு ஓடுதா. எனக்கு இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்? இன்னைக்கு மோதிரம் கிடையாது. ரெண்டாம் ஓலையைப் பத்தி நான் சாமியார்ட்டப் பேசிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டார். அந்த வயசாளிக்கு யாராவது சோறு வையுங்கள் என்று சமையல்காரர்களிடம் போய்க் கத்தினேன். அண்டாக்கள் காலி. கமிட்டி வீடுகளுக்கென்று தூக்குவாளிகளில் முன்னாலேயே எடுத்துவைத்திருந்தார்கள். சாமியின் அசனத்தில் சாமிக்கு இல்லாத பங்கு கமிட்டிக்கு. அவர்களையும் திட்டினேன். யாரோ என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பந்தலுக்கு வெளியே விட்டார்கள்.

சாயங்காலம் பேண்ட் வாத்தியம் மெயின் ரோட்டில் கிளம்பியது. நான் பவனிக்குப் போகவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் குழாயடிக்குப் போனேன். லூர்துவும் சகுந்தலாவும் ஷபானாவும் அண்டாக்களைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் இன்னும் சாப்பிடவில்லை. ஸ்டெல்லா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அம்மாவும் மகளும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

"ராஜாவே, உம்முடைய பேரைச் சொல்லி இந்தப் பிள்ளை வாழ்க்கையில விளையாடுதாங்களே, நீர் பாத்துட்டுச் சும்மா நிக்கீரே" என்று மனதுக்குள் ஆண்டவரிடமே சண்டைக்குப் போனேன். அப்போது சந்து முனையில் பிலோமினா அம்மாள் வருவது தெரிந்தது. பவனியில் கணவருக்குப் பக்கத்தில் நடக்க வேண்டியவர். பின்னால் ஆல்வின், ரெண்டு கையிலும் தூக்குவாளி.

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. கழுவின தரையில் மூன்று இலை போட்டார். தண்ணீர் தெளித்தார்.

"உக்காருங்க" என்றார். முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். கொஞ்சம் தடித்த குரல்.

"மைனி, இது உங்க வீட்டுப் பங்குல்லா?" என்றாள் லூர்து.

"ஆமா, முடி தூக்குறவங்க வீட்டுப் பங்கு. ஒரு ஆளுக்கு வச்சாச்சு, அந்தப் பெரியவருக்கு. பந்தல்லயே உக்காத்தி வச்சுட்டுத்தான் வாறேன். மிச்சம் உங்களுக்கு. கை கழுவிட்டு உக்காருங்க. ஷபானா, நீயும் பைட்டோ. ஏல ஆல்வின், என்ன மரம் மாதிரி நிக்க? சட்டைக் கையை மடக்கு. அந்தப் பிள்ளை கையில இருந்து கரண்டியை வாங்கு."

ஆல்வின் வாளிகளை வைத்தான், சட்டைக் கையை மடக்கினான். ஸ்டெல்லா கரண்டியைக் கொடுக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம் எங்க போச்சு கை?" என்றாள்.

"பயமா இருந்துச்சு" என்றான்.

அவள் கரண்டியைக் கொடுக்காமல், பக்கத்தில் கிடந்த பெரிய அண்டாவைக் காட்டினாள். அடிப்பிடித்த அண்டா அது. ஆல்வின் நாரை எடுத்துக்கொண்டு தலையை அதற்குள் விட்டான்.

மூன்று பெண்களும் சாப்பிட்டு முடித்ததும் பிலோமினா அம்மாள் குனிந்து இலைகளை எடுக்க ஆரம்பித்தார். லூர்து பதறிக் கையைப் பிடித்தாள்.

"விடுங்க மைனி" என்றார் பிலோமினா அம்மாள். "அந்த வீட்டுக்கு நான் வந்த நாள்ல இருந்து ஒரு ஆளுக்கு இலை எடுத்துட்டுத்தான இருக்கேன். எடுத்தேன்னு ஒரு நாளும் தோணல. இன்னைக்குத்தான் தோணுது."

அவர் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எச்சில் கையோடு புறங்கையால் அழுத்தினார். பாக்கியநாதனின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எங்கே போனாய், முடி சூட்டப் போகிறோம், பக்கத்தில் ஆள் இல்லாமல் எனக்கு அசிங்கமாக இருக்கிறது என்று கத்தினார்.

"பின்னால குழாயடியில நிக்கேன்" என்றார் பிலோமினா அம்மாள். "இலை எடுக்கேன், உங்களுக்கும் சேத்து. நீங்க முடியச் சூட்டிட்டு வாங்க. பிள்ளைகளுக்கு மோதிரம் நானே மாத்தி வச்சிக்கிடுதேன். ரெண்டாம் ஓலைய நிறுத்தச் சொல்லிச் சாமியார்ட்டப் போனியன்னா, அங்கயும் நான் வருவேன். வந்து, இன்னைக்கு அந்தப் பெரியவர் இலையை எப்படி எடுத்தியன்னு சொல்லுவேன்."

அந்தப் பக்கம் பேண்ட் மட்டும் கேட்டது. அவர் போனை மறுபடியும் செருகிக்கொண்டு, இலைகளை மடித்துத் தொட்டியில் போட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. "இவங்க எல்லாரையும் ஊர்ல போய்ச் சந்தி சிரிக்க வைக்கிறேன் சம்பந்தியம்மா. ஒருத்தனுக்காவது பயம் இருக்கா? ராஜா திருவிழாவாம், எச்சில் படாத கையாலயே..." என்று ஆரம்பித்தேன்.

பிலோமினா அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"அண்ணாச்சி, காலையில இருந்து நீங்க எத்தன இலை எடுத்திய?"

லூர்து தலையைக் குனிந்துகொண்டாள். ஷபானாவுக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் வேட்டி காலையில் கட்டின சலவை மடிப்போடு அப்படியே இருந்தது. முதல் பந்தியில் நான் விட்டுவிட்டு எழுந்த இலையையும் என் தங்கச்சிதான் எடுத்திருக்க வேண்டும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆல்வினுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அண்டாவின் விளிம்பைப் பிடித்தேன். உள்ளே அடிப்பிடித்த சோறு கல்லாக இறுகியிருந்தது.

"மாமா, நல்லா அழுத்திப் பிடிங்க" என்றான் உள்ளேயிருந்து.